கரண்ட் இல்லாத நாட்களின் ஏழு பாட்டு

என்னிடம் யாராவது "இப்ப மனசு ஆறிருச்சா?" என்று கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் இதைக் கேட்காதவர்களே கிடையாது. பால் ஊற்ற வருகிற அக்கா கேட்பார், ரேஷன் கடை வரிசையில் பின்னால் நிற்பவர் கேட்பார். கேட்டுவிட்டு, கண் கலங்குகிறதா என்று முகத்தையே பார்ப்பார்கள். கலங்கவில்லை என்றால் கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள்.

என் ஏழு பாட்டுகளும் ஒரே தொகுப்பாக இணையத்தில் வந்தபோது, அதைக் கேட்டு விமர்சனம் எழுதியவர்கூட 'ஒரு மனம் மெல்ல ஆறுகிற கதை' என்று எழுதியிருந்தார். நல்ல எண்ணத்தில் எழுதியதுதான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. நான் ஆறிப்போய்ப் பாடவில்லை. கோபம் தீராமல்தான் பாடினேன். மெதுவாகப் பாடுகிறவளுக்குக் கோபம் இருக்காது என்று எப்படி முடிவு செய்கிறார்களோ தெரியவில்லை. ஓடுகிற தறிக்குப் பக்கத்தில் வளர்ந்தவள் நான். எனக்கு மெதுவாகப் பாடுவதுதான் எதிர்த்துப் பேசுவது.

அந்தத் தறியைப் பற்றிச் சொல்லாமல் பாட்டைப் பற்றிச் சொல்ல முடியாது. என் அப்பா எட்டு விசைத்தறி வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குச் சுற்றுகிற பேண்டேஜ் துணி நெய்கிற தறிகள். வீட்டுக்கும் தறிக்கூடத்துக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரை ஒட்டியதுதான் என் அறை. பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று எந்நேரமும் தறி ஓடும். கட்டிலில் படுத்தால் கட்டில் அதிரும், தண்ணீர் வைத்தால் டம்ளரில் வளையம் வளையமாக அலை ஓடும். எங்கள் வீட்டில் யாருக்கும் மெதுவாகப் பேச வராது. ரகசியம் என்றால்கூடக் கத்தித்தான் சொல்ல வேண்டும்.

மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் அந்தச் சத்தம் நிற்கும். பராமரிப்பு வேலைக்காகக் காலை ஒன்பது மணியிலிருந்து மாலை வரை கரண்டை நிறுத்துகிற நாள். முந்தின நாள் செய்தித்தாளின் மூலையில் பொடி எழுத்தில் ஊர்ப் பெயர்கள் இருக்கும். அதில் எங்கள் பகுதி இருந்தால் தறி வைத்திருப்பவர்கள் அத்தனை பேரும் சலித்துக்கொள்வார்கள், வீட்டில் உள்ளவர்கள் விடிவதற்குள் மாவரைக்க ஓடுவார்கள். அந்தப் பொடி எழுத்தைத் தேடிப் பிடித்துச் சந்தோஷப்பட்டவள் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

தம்பியின் பழைய லேப்டாப்பில் சார்ஜ் மூன்று மணி நேரம் நிற்கும். அதற்குள் பாடி முடிக்க வேண்டும். இணையத்தில் வரவழைத்த ஒரு மைக், இரண்டு கட்டை வேலை செய்யாத சின்னக் கீபோர்டு, போனில் ஒரு சுருதிப் பெட்டி. சுவரில் பட்டுக் குரல் எதிரொலிக்காமல் இருக்க, நெசவில் பழுதாகிக் கழித்துப் போட்ட பேண்டேஜ் துணிச் சுருள்களைத் தறிக்கூடத்திலிருந்து எடுத்து வந்து நாலு சுவரிலும் மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டேன். ஜன்னலை மறைக்க ஒரு மெத்தையை நிறுத்தினேன். என் கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்த இலவம்பஞ்சு மெத்தை அது. அதனால் எனக்குக் கிடைத்த முதல் உபயோகம் இதுதான்.

அம்மா அறைக்கு வெளியே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருப்பாள். யாராவது எட்டிப் பார்த்து, உள்ளே என்ன முனகல் என்று கேட்டால், "மக பேங்க் பரிட்சைக்குப் படிக்கா. வாய்விட்டுப் படிச்சாத்தான் அவளுக்கு ஏறும்" என்பாள். பாடுகிறாள் என்று சொல்வதற்கு அவளுக்கு வெட்கம். புருஷன் வீட்டிலிருந்து வந்துவிட்ட பெண் வீட்டில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கலாம், தையல் படிக்கலாம். பாட்டுப் பாடினால் ஊர் என்ன சொல்லும் என்பது அவளுடைய கவலை.

இனி, நான் எங்கிருந்து வந்தேன் என்பது.

என்னைக் கட்டிக் கொடுத்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். கணவர் வீட்டில் பாத்திரக்கடை. அவர் கெட்டவர் இல்லை. அவருடைய அம்மா பேசும்போது வாய் திறக்காதவர், அவ்வளவுதான். ஏழு வருடத்தில் இரண்டு முறை உண்டானேன். ஒன்று மூன்றாம் மாதத்தில் போயிற்று, இன்னொன்று ஐந்தாம் மாதத்தில். இரண்டுக்கும் நான் மனதுக்குள் பேர் வைத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பிறக்காத பிள்ளைக்குப் பேர் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று கேட்பார்கள்.

ஏழாவது வருடம் என் கொழுந்தனார் மனைவிக்கு வளைகாப்பு நடந்தது. வீடு நிறைய ஆட்கள். காலையிலிருந்து ஐந்து வகைச் சாதமும் நான்தான் கிளறினேன். கூடத்தில் அவளை மனையில் உட்கார வைத்துச் சந்தனம் பூச ஆரம்பித்தபோது, நான் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வளையல் போடக் கிளம்பினேன். மாமியார் அடுப்படி வாசலிலேயே மறித்தார்.

"ஏம்மா, நீ நல்லாப் பாடுவியே. இங்கன நின்னே ஒரு பாட்டுப் பாடு. முன்னாடி வர வேண்டாம். மனசுல ஒண்ணும் வச்சுக்காத, நல்ல காரியம் பாரு."

அவர் அதட்டவில்லை. கெஞ்சுகிற குரலில்தான் சொன்னார். பிள்ளை தங்காதவளின் கை அந்தப் பெண்ணின் கையில் வளையல் போடக் கூடாது. ஆனால் குரல் வரலாம். குரலுக்குத் தீட்டு இல்லை போலிருக்கிறது. நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று பாடினேன். இன்றைக்கு நினைத்தாலும் என் மீதே எனக்குக் கோபம் வருகிறது. பாடினேன், நன்றாகவும் பாடினேன். எதற்காக நன்றாகப் பாடினேன்?

கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்களில் என் அம்மாவும் ஒருத்தி. முறைப்படி அழைத்திருந்தார்கள், ராஜபாளையத்திலிருந்து வளையலும் பூவும் பழமும் எடுத்து வந்திருந்தாள். என் பாட்டு முடிகிற இடத்தில் குலவை போட்டது அவள்தான். அம்மாவின் குலவைக்கு எங்கள் தெருவில் தனி மரியாதை. கோயில் பொங்கல், சடங்கு வீடு, கல்யாண வீடு எதுவானாலும் அவளைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். நாக்கைச் சுழற்றி ஆரம்பித்தால் நடுவில் மூச்சு வாங்காமல் நீளமாகப் போகும், கடைசியில் ஒரு வெட்டு வெட்டி நிறுத்துவாள். அன்றைக்கும் அப்படியே போட்டாள். நான் கதவுக்குப் பின்னால் நிற்பது அவளுக்குத் தெரியும். எழுந்து வந்து என்னைக் கூப்பிடவில்லை.

மூன்று மாதம் கழித்து நான் கிளம்பிவிட்டேன். மெத்தையும் ஒரு பெட்டியும் பிற்பாடு வேனில் வந்தன. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. அதைக் கடக்க எனக்கு ஏழு வருடம் ஆனது.

வந்த மறுநாளே அம்மாவிடம் கேட்டேன். "நீ ஏன் அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லல?"

"சபையில வச்சு என்னத்தட்டி சொல்லச் சொல்லுத? சம்பந்தி வீடு."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. சாப்பிட்டாயா, குளித்தாயா என்பதைத் தாண்டி நாங்கள் இரண்டு வருடம் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. ஒன்றை மட்டும் கவனித்தேன். கோயில் பொங்கலுக்குப் பெண்கள் வந்து கூப்பிட்டால், "தொண்டை சரியில்ல தாயி, வேற ஆளப் பாருங்க" என்று அனுப்பிவிடுவாள். வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

பாட்டு ஆரம்பித்தது வந்து ஆறேழு மாதம் கழித்து. துணி மடித்துக்கொண்டிருந்த ஒரு நாள் திடீரென்று கரண்ட் போய், எட்டுத் தறியும் ஒன்றாக நின்றன. அந்த அமைதியில் என் வாய் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது எனக்கே கேட்டது. எத்தனை நாளாக முணுமுணுத்துக்கொண்டிருந்தேனோ தெரியாது. தறிச் சத்தத்தில் எனக்கே கேட்காமல் இருந்திருக்கிறது. அன்று மாலையே ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன்.

மாதத்துக்கு ஒரு நாள் என்பதால் ஒரு பாட்டுக்கு இரண்டு மாதம், மூன்று மாதம் ஆகும். ஒரு மாதம் சளி பிடித்து வீணாகும். ஒரு மாதம் சொன்ன நேரத்துக்கு முன்பே கரண்ட் வந்து, நல்ல வரி ஒன்றின் தலையில் தறி விழும். பஸ்ஸில் திரும்பி வந்ததைப் பற்றி ஒரு பாட்டு. மெத்தையைப் பற்றி ஒன்று. அவர் வாய் திறக்காததைப் பற்றி ஒன்று. எதுவும் அழுகைப் பாட்டு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து காதோடு திட்டினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் பாடினேன். ஆறு பாட்டு முடிந்தபோது சென்னையில் சின்ன அளவில் பாட்டு வெளியிடுகிற ஒரு குழு, தொகுப்பாகவே போடலாம் என்று ஒப்புக்கொண்டது. இன்னும் ஒன்று வேண்டும் என்றார்கள். அந்த ஒன்று என்ன என்று எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

எனக்கு நானே பாடிக்கொள்கிற வளைகாப்புப் பாட்டு.

வளையல் வேண்டாம், கையைக் கொடு
வாசல் வேண்டாம், வழியை விடு
வராத பிள்ளைக்கும் ஒரு பேர் உண்டு
வாய்விட்டுச் சொல்ல எனக்கு வாய் உண்டு

இப்படிப் போகும். ஆனால் அதை முடிக்க எனக்குத் தெரியவில்லை. கடைசி வரியைத் திரும்பப் பாடிப் பார்த்தேன், கீபோர்டை இழுத்துப் பார்த்தேன், சட்டென்று நிறுத்திப் பார்த்தேன். எப்படிச் செய்தாலும் பாட்டு நடு வழியில் நிற்பது போலவே இருந்தது. இரண்டு கரண்ட் இல்லாத நாட்கள் இதிலேயே போயின. வெளியே துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா ஒரு நாள், "அந்தப் பாட்டு என்ன, முடியாமயே நிக்குது?" என்றாள். அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "ஒனக்கு எதுக்கு?" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

அந்த நாலு வரியை மட்டும் போனில் பாடி இணையத்தில் ஒரு துணுக்காகப் போட்டிருந்தேன். அது கை மாறிக் கை மாறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்ச் சேர்ந்தது. போகட்டும் என்றுதான் இருந்திருப்பேன். ஆனால் அதே சமயத்தில் என் தம்பிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். என் பழைய வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. பெண் வீட்டார் தரகரிடம் பட்டும் படாமலும் சொல்லி அனுப்பினார்கள்: மாப்பிள்ளையின் அக்கா என்னவோ பாட்டுப் பாடுகிறாளாமே, அதில் போன பிள்ளையைப் பற்றியெல்லாம் வருகிறதாமே, கல்யாணம் பேசுகிற வீட்டில் இது என்ன பேச்சு?

அப்பா என்னிடம் வந்தார். தறிக்கூடத்துக்கு வரச் சொல்லி, ஓடுகிற தறிக்கு நடுவில் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து கத்தினார்.

"ஆறு பாட்டு இருக்குல்லம்மா. அதப் போடு, நான் வேண்டாங்கல. அந்த ஒண்ண மட்டும் விட்ரு."

"அந்த ஒண்ணுக்காகத்தான் மத்த ஆறும்" என்று நானும் கத்தினேன்.

"தம்பி வாழ்க்கைம்மா."

தம்பியிடம் போய், "ஒனக்கு என்ன தோணுது? சொல்லு" என்றேன். அவன் நூல் பெட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், "எனக்கு அந்தப் பொண்ணப் பிடிச்சிருக்குக்கா" என்றான். சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எனக்கு மைக் வாங்கச் சொல்லிக் கொடுத்ததும் லேப்டாப்பைத் தந்ததும் அவன்தான்.

பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வருவதற்கு வைகாசியில் ஒரு புதன்கிழமை குறித்தார்கள். அப்பா பஞ்சாங்கத்தை நாலு தடவை பார்த்தார். ஒன்பது மணி வரை எமகண்டம், பன்னிரண்டு மணிக்கு ராகு காலம். இரண்டுக்கும் நடுவில் வந்து, பேசி முடித்து, இலை போட்டுவிட வேண்டும். எல்லாவற்றையும் பார்த்தவர் செய்தித்தாளின் மூலையைப் பார்க்கவில்லை. தறி ஓட்டுகிறவர் பார்த்திருக்க வேண்டும். சம்பந்தம் பேசுகிற பரபரப்பில் விட்டுவிட்டார். செவ்வாய்க்கிழமை காலை நான் பார்த்தேன். எங்கள் பகுதியின் பெயர் இருந்தது. நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சொல்லக் கூடாது என்று முடிவெடுத்தேன் என்றுகூட இல்லை, என் நாளை யாருக்கும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

புதன்கிழமை காலை அப்பா என் அறை வாசலுக்கு வந்தார்.

"ஏம்மா, அவிய வந்துட்டுப் போற வரைக்கும் நீ ரூம்லயே இரு. செத்த நேரம்தான். காய்ச்சல்னு சொல்லிருதேன்."

அவரும் கெஞ்சுகிற குரலில்தான் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். அம்மா அவருக்குப் பின்னால் சந்தனக் கிண்ணத்தோடு நின்றாள். கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரியாக ஒன்பது மணிக்கு எட்டுத் தறியும் நின்றன. கூடத்தில் மின்விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. "அட, இன்னைக்கா?" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டது கதவு வழியாகக் கேட்டது. பத்து மணிக்குப் பெண் வீட்டார் ஏழு பேர் வந்தார்கள். வைகாசி வெக்கை. தாம்பாளம் வைக்க எடுத்த செய்தித்தாளை ஆளுக்கு ஒரு தாளாகக் கிழித்து விசிறிக்கொண்டார்கள். அந்தச் சரசரப்புகூட எனக்குக் கேட்டது. எதிரொலியை அடக்கத் தொங்கவிட்ட துணி, என் குரல் வெளியே போகாமலும் தடுக்கும் என்று நினைத்திருந்தேன். அது ஒன்றையும் மறைக்காது என்று அன்றைக்குத்தான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். தறிச் சத்தம் இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் எதையும் ஒளித்து வைக்க முடியாது.

பெண்ணின் அத்தை என்று நினைக்கிறேன், நல்ல கனத்த குரல். "மாப்பிள்ளைக்கு அக்கா ஒருத்தி இருக்காகல்ல? எங்க, காணல?"

"அவளுக்குக் காய்ச்சல். படுத்திருக்கா" என்றார் அப்பா.

"பொறவு, பூ வைக்க யாரு வருவா? நாத்தனார்தான வைக்கணும்?"

"அதுக்கென்ன, என் தம்பி மக இருக்கா. அவளுக்கு ரெண்டு பிள்ளைக. அவ வந்து வைப்பா."

பெண்ணுக்குப் பூ வைப்பது, தாலியில் மூன்றாவது முடிச்சுப் போடுவது எல்லாம் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளின் உரிமை. தம்பி பிறந்த நாளிலிருந்து அது என்னுடையது. நான் வேண்டாம் என்று யாரும் சொல்வதற்கு முன்பே அப்பா அதை எடுத்துச் சித்தப்பா மகளிடம் கொடுத்துவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமியாராவது என்னிடம் வந்து சொன்னார். இங்கே நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று ஒட்டுக் கேட்க வேண்டியிருந்தது.

கட்டிலில் உட்கார்ந்தேன், மைக்கை வாய்க்கு நேராக வைத்தேன், பதிவை ஓட விட்டேன். கீபோர்டு வேண்டாம், சுருதி வேண்டாம். ஏழாவது பாட்டைப் பாடினேன்.

எப்போதும் பாடுவதைவிடச் சத்தமாகப் பாடவில்லை. அதை மட்டும் நான் உறுதியாகச் சொல்வேன், பதிவு இருக்கிறது, யாரும் கேட்டுக்கொள்ளலாம். கூடத்தில் செய்தித்தாள் விசிறுவது நின்றது. இரண்டாவது வரியில் அந்தக் கனத்த குரல், "காய்ச்சக்காரிக்குக் குரல் நல்லாத்தான் இருக்கு" என்றது. அதுவும் லேசாகப் பதிவில் இருக்கிறது. நான் நிறுத்தவில்லை. வராத பிள்ளைக்கும் ஒரு பேர் உண்டு என்ற வரிக்கு வந்தபோது, அந்த இரண்டு பேர்களையும் சொன்னேன். அதுவரை ஒரு பதிவிலும் சொன்னதில்லை. சொல்லிவிட்டுக் கடைசி வரியைப் பாடினேன். பாட்டு வழக்கமாக நிற்கிற இடத்தில் வந்து நின்றது.

நின்ற இடத்தில் அம்மா குலவை போட்டாள்.

கூடத்தில், அந்த ஏழு பேருக்கும் முன்னால், கையில் சந்தனக் கிண்ணத்தோடு நின்று போட்டாள் என்று பிறகு தம்பி சொன்னான். எனக்குக் கதவுக்குப் பின்னால் அது கேட்டது. இரண்டு வருடமாகச் சரியில்லாத தொண்டை என்று யாரும் சொல்ல முடியாது. நடுவில் மூச்சு வாங்கவில்லை. நீளமாகப் போய், கடைசியில் அவளுக்கே உரிய வெட்டோடு நின்றது. நான் பதிவை நிறுத்த மறந்துபோனேன்.

கூடத்தில் நாற்காலிகள் நகர்ந்தன. சம்பந்தம் உறுதியாகும் வரை ஒரு வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சாப்பிட உட்கார்ந்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். "நேரமாயிருச்சு. இன்னொரு நாள் வாரோம்" என்று பெண்ணின் அப்பா சொன்னார். ராகு காலத்துக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. வேன் கிளம்பிய சத்தம் தெரு முனை வரை கேட்டது.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். அப்பா அம்மாவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

"நீ என்ன காரியம் பண்ணிட்ட?"

அம்மா சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அவ வளைகாப்புப் பாட்டுல்ல பாடுதா. குலவை போடாம அத எப்படி முடிக்க? எத்தன மாசமா அந்தப் பாட்டு முடியாம நிக்குது." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, எலை எடுத்துட்டு வா. கூடத்துல போடு."

ஏழு பேருக்குச் சமைத்த சாப்பாடு இருந்தது. என்னைக் கூடத்தின் நடுவில், தாம்பாளத்துக்கு நேராக உட்காரச் சொன்னாள். கிண்ணத்திலிருந்த சந்தனத்தை விரலில் எடுத்து என் இரண்டு கன்னத்திலும் தடவினாள். அவள் கை ஜில்லென்றிருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். அழுதேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாருக்காகவும் எழுந்து உள்ளே போகவில்லை.

தம்பி வாசலில் வேன் போன திசையைப் பார்த்தபடி வெகு நேரம் நின்றான். பிறகு வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தான். என்னைப் பார்க்கவில்லை. "ரசம் ஊத்தும்மா" என்றான். அப்பா தறிக்கூடத்துக்குப் போய், நின்றுகிடக்கிற தறிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டார். மூன்று மணிக்குக் கரண்ட் வந்தது. ஒவ்வொரு தறியாக அவரே ஓட விட்டார். அன்றைக்கு அவர் எங்களோடு சாப்பிடவில்லை.

அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று. தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. மூன்று நாலு மாதம் அவன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, இப்போது பேசுகிறான். அவனுக்கு நான் செய்தது சின்ன விஷயம் இல்லை. பழி என் தலையில்தான் இருக்கிறது, இருக்கட்டும். அதற்காகப் பாட்டை எடுக்க மாட்டேன். என்னைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டுத்தான் அந்தக் கல்யாணம் நடக்கும் என்றால், கதவு எத்தனை மெல்லியது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியதுதான். அம்மா என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் பரவாயில்லை என்று சொல்லவில்லை. யாராவது எட்டிப் பார்த்தால் மட்டும் இப்போது, "மக பாடுதா" என்கிறாள்.

பாட்டுகளைச் சென்னைக்கு அனுப்பி வைத்தேன். ஒலியைச் சுத்தம் செய்கிற இளைஞர் ஒருவர் ஒரு வாரம் கழித்து போன் செய்தார். ரொம்ப மரியாதையான பையன்.

"அக்கா, ஏழாவது பாட்டு முடிஞ்ச பிறகு தூரத்துல ஏதோ சத்தம் வருது. விசில் மாதிரி. வெளியில இருந்து உள்ள வந்திருக்கு. கவலப்படாதீங்க, தெரியாம எடுத்துடலாம்."

"அது எங்கம்மா. அதத் தொடாதீங்க. இன்னும் கொஞ்சம் கூட்டி வைங்க" என்றேன்.

"எவ்வளவு கூட்டணும்?"

"ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் கேக்கணும்."